பேச்சை முடிப்பது யார் கையில்?

பதினோரு வருஷம் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் மினிட்ஸ் எழுதியிருக்கிறேன். அந்தக் கூட்டங்களில் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம், "சரி, அப்ப முடிச்சுக்கலாமா?" என்பதுதான். கேள்விக்குறி போட்டு எழுதுகிறேன், ஆனால் அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அதைச் சொல்லும்போதே தலைவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிடுவார். பின்வரிசையில் நாற்காலிகள் நகரும். அதற்குப் பிறகு யாராவது வாயைத் திறந்தால், எழுந்துவிட்ட இருபது பேரை மறுபடி உட்காரவைத்த பழி அவர் தலையில் விழும்.

ஒரு கூட்டத்தில் வண்டி நிறுத்தும் இடத்தை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. யோசனை தலைவருடையது. கூட்டத்தை நடத்தியவரும் அவர்தான். தரைத்தளத்தில் குடியிருந்த ஒரு வயதான அம்மா கையை முழுக்கத் தூக்காமல் தோள் உயரத்துக்கு மட்டும் தூக்கியபடி உட்கார்ந்திருந்தார். நான் பார்த்தேன். தலைவர் பார்த்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. "முடிச்சுக்கலாமா?" வந்துவிட்டது, கை இறங்கிவிட்டது. நான் புத்தகத்தில் "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதினேன். புது இடம் அந்த அம்மாவின் படுக்கையறை ஜன்னலை ஒட்டி இருந்தது. விடிகாலை வேலைக்குப் போகிறவர்கள் அங்கேதான் வண்டியைக் கிளப்புவார்கள். உள்ளே அவர் கணவர் படுத்த படுக்கையாக இருந்தார். எட்டு மாதம் கழித்து எல்லாவற்றையும் பழையபடி மாற்றினோம். கோடு போட்ட செலவு இரண்டு தடவை. "ஒருமனதாக" என்ற சொல்லை எழுதியது என் கை என்பது இன்றும் உறுத்துகிறது.

அண்மையில் புதிதாகத் தொடங்கும் ஒரு குழுவுக்கு விதிமுறைகள் எழுதித் தரும்படி கேட்டார்கள். உறுப்பினர் சேர்க்கை, கணக்கு, தேர்தல் எல்லாவற்றுக்கும் மாதிரி கிடைக்கிறது. 'ஒரு விஷயத்தில் பேச்சு எப்போது முடியும், முடிக்கும் உரிமை யாருக்கு?' என்ற வரிக்கு வந்தபோது எழுத ஓடவில்லை. முடிவை எப்படி எடுப்பது என்று எல்லா விதிப்புத்தகமும் சொல்கிறது. பேச்சு எப்போது போதும் என்பதைத்தான் யாரோ ஒருவரின் சுபாவத்துக்கு விட்டுவிடுகிறோம். அதனால் உலகத்தில் இதுவரை நடைமுறையில் இருந்த வழிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் யாரைக் காப்பாற்றுகிறது, யாரைக் கைவிடுகிறது என்பதுதான் என் கணக்கு.

முதலில், பேச்சைத் தொடங்கியவரே முடிக்கலாம் என்ற வழி. கேட்க எளிமையாக இருக்கிறது, சில இடங்களில் முழுக்கச் சரியும்கூட. ஒருவர் தன் வேலையை விடலாமா வேண்டாமா என்று நண்பர்களிடம் யோசனை கேட்கிறார். "போதும், எனக்குத் தெளிவாகிவிட்டது" என்று சொல்லும் உரிமை அவருக்கு மட்டும்தான். முடிவு யார் தலையில் விடியப் போகிறதோ அவரே தொடங்கியிருக்கிறார், அவரே முடிக்கட்டும். மகள் என்ன படிக்கலாம் என்று வீட்டில் ஆலோசனை கேட்டால், பேச்சை முடிப்பது மகளின் உரிமை, பெரியப்பாவின் உரிமை அல்ல. ஆனால் பத்துப் பேர் வாழ்க்கையைத் தொடும் யோசனையை ஒருவர் கொண்டுவந்து, தனக்குச் சாதகமாகக் காற்று வீசும் நேரம் பார்த்து அவரே கதவைச் சாத்தினால் அது வேறு விஷயம். எங்கள் சங்கத்தில் நடந்தது இதுதான். முன்மொழிந்தவரும் முடித்தவரும் ஒரே ஆள். ஆகவே யோசனை கேட்கும் பேச்சுக்கு இந்த வழி, கூட்டு முடிவுக்கு இது ஆகாது. இந்தக் கோட்டைப் போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, நடத்துபவர் முடிப்பது. தலைவர், நடுவர், சபாநாயகர், எந்தப் பெயரானாலும் சரி. பெரும்பாலான கூட்டங்களில் இருக்கும் வழி இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

1881 ஜனவரி 31, திங்கட்கிழமை கூடிய பிரிட்டிஷ் மக்களவை புதன்கிழமை காலைவரை கலையவில்லை. 41 மணி நேரம். அயர்லாந்தில் விசாரணை இல்லாமல் ஆட்களைச் சிறையில் வைக்க வழிசெய்யும் ஒரு மசோதாவை எதிர்த்து, பார்னெல் தலைமையிலான ஐரிஷ் உறுப்பினர்கள் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். அன்றைய விதிப்படி அவர்களை நிறுத்த யாருக்கும் வழியில்லை. புதன் காலையில் சபாநாயகர் ஹென்றி பிராண்ட் இருக்கைக்கு வந்து, இத்தோடு விவாதம் முடிகிறது, ஓட்டுக்கு விடுகிறேன் என்று அறிவித்தார். அப்படிச் செய்ய அவருக்கு எழுத்தில் எந்த அதிகாரமும் கிடையாது. தன் பொறுப்பில் செய்தார். அடுத்த ஆண்டே, 1882-ல், விவாதத்தை முடிக்கும் முறை அவையின் விதிகளில் ஏறியது.

இந்தக் கதையை நான் படிக்கும் ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கமும் இழுக்கப்படுகிறேன். 41 மணி நேரத்துக்குப் பிறகு யாராவது ஒருவர் நிறுத்தத்தான் வேண்டும். அதே சமயம், அந்த நிறுத்தத்தால் தோற்றவர்கள் யார் என்று பாருங்கள். தங்கள் மக்களைச் சிறையில் அடைக்கும் சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள், பேசுவதைத் தவிர வேறு ஆயுதம் இல்லாதவர்கள். பிராண்ட் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே இல்லை. ஒருவர் மனசாட்சியை மட்டும் நம்பி அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1670-ல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு போதும். குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென், வில்லியம் மீட் இருவரும், பென் பிரசங்கம் செய்த ஒரு தெருக்கூட்டத்தைச் சட்டவிரோதமாகக் கூட்டியதாகக் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். பன்னிரண்டு ஜூரிகள், அதாவது தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள், கூடிப் பேசிவிட்டு வந்து, பென் தெருவில் பேசினார் என்பது மட்டும் உண்மை என்றார்கள். நீதிபதிகளுக்கு அது பிடிக்கவில்லை. போய் மறுபடி பேசிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி வந்தார்கள், மறுபடி அனுப்பினார்கள். சாப்பாடு, தண்ணீர், நெருப்பு, புகையிலை எதுவும் இல்லாமல் இரண்டு இரவு பூட்டிவைத்தார்கள். நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும் தீர்ப்பு வரும்வரை உங்கள் விவாதம் முடியாது என்பதே அதன் பொருள். கடைசியில் ஜூரிகள் இருவரையும் முழுக்க விடுவித்தார்கள். அதற்காக நீதிபதிகள் ஜூரிகளுக்கு அபராதம் விதித்தார்கள். எட்வர்ட் புஷெல் என்ற ஜூரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார். தலைமை நீதிபதி வாகன் அவரை விடுவித்தார். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்ற கொள்கை அந்த வழக்கில்தான் நிலைபெற்றது.

பேச்சைச் சீக்கிரம் முடிப்பது மட்டும்தான் தவறு என்று நினைக்கிறோம். முடிய விடாமல் வைத்திருப்பதும் அதே அதிகாரத்தின் இன்னொரு முகம். தான் விரும்பும் முடிவு வந்ததும் மணி அடிக்கிற தலைவரும், வரும்வரை மணி அடிக்காத தலைவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஆபீசில் இதை நிறையப் பேர் அனுபவித்திருப்பார்கள். மேலாளருக்குப் பிடிக்காத முடிவு வந்தால், "இதை அடுத்த வாரம் இன்னொரு தடவை பேசுவோம்." பிடித்தது வந்தால், "அருமை, முடிவாயிடுச்சு."

நடத்துபவருக்கும் முன்மொழிபவருக்கும் இடையே இடைவெளி இருந்தால் இதே வழி எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதற்கு இந்திய அரசியல் நிர்ணய சபை சாட்சி. வரைவைக் கொண்டுவந்து ஒவ்வொரு பிரிவுக்கும் வாதாடியவர் அம்பேத்கர், வரைவுக் குழுவின் தலைவர். அவையை நடத்தியவர் ராஜேந்திர பிரசாத். வரைவுக்கு 7,635 திருத்தங்கள் கொடுக்கப்பட்டன, 2,473 திருத்தங்கள் அவையில் எடுத்துக்கொள்ளப்பட்டன. எப்போது போதும் என்பதை அம்பேத்கர் சொல்ல வேண்டிய நிலை இல்லை. 1949 நவம்பர் 25 அன்று தன் நிறைவுரையில், விடாமல் எதிர்த்துப் பேசிய உறுப்பினர்களுக்கு அவர் பெயர் சொல்லி நன்றி சொன்னார். சபைத் தலைவர் சட்ட நுணுக்கங்களைக் காட்டி வேலையை முடக்க இடங்கொடுக்கவில்லை என்றும் பாராட்டினார். இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியவர்களுக்கு நன்றி சொல்லும் மனநிலை வாய்த்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

மூன்றாவது வழி, கூட்டமே ஓட்டுப் போட்டு முடிப்பது. ஜனநாயகம் என்றதும் மனம் இங்கேதான் ஓடுகிறது. இந்திய மக்களவை விதி 362 இதற்கு நல்ல உதாரணம். எந்த உறுப்பினரும் 'இதை இப்போதே ஓட்டுக்கு விடலாம்' என்று தீர்மானம் கொண்டுவரலாம். ஆனால் அது விதிகளைத் தவறாகப் பயன்படுத்துவதாகவோ, நியாயமாக விவாதிக்கும் உரிமையைப் பறிப்பதாகவோ சபாநாயகருக்குத் தோன்றினால் அதை அவர் ஏற்க வேண்டியதில்லை. பிரிட்டனில் இன்றைக்கு இருக்கும் விதியும் ஏறக்குறைய இதே வடிவம்தான், கூடவே குறைந்தது 100 உறுப்பினர்கள் ஆதரித்து ஓட்டளித்தால்தான் விவாதம் முடியும். கேட்பது கூட்டம், தடுக்கும் சாவி நடத்துபவரிடம். பிராண்ட் தனியாகச் செய்ததை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஹென்றி மார்ட்டின் ராபர்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1876-ல் சாதாரணச் சங்கங்களுக்காகக் கூட்ட விதிகளைத் தொகுத்தார். அந்த விதிகளின்படி, ஒரு விஷயத்தை நிறைவேற்றப் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும். பேச்சை நிறுத்த மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். முதல் தடவை படித்தபோது தலைகீழாகப் பட்டது, யோசித்தால் ஆழமான நியாயம். பெரும்பான்மை தன் விருப்பப்படி முடிவு எடுக்கலாம், ஆனால் இன்னொருவர் பேசும் உரிமையை எடுத்துக்கொள்ள வெறும் பெரும்பான்மை போதாது.

ஆனால் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போனால் எல்லாம் சரியாகிவிடுமா? அமெரிக்க செனட்டைப் பாருங்கள். 1917 வரை அங்கே விவாதத்தை முடிக்க விதியே இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டு மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தார்கள், 1975-ல் அதை 60 ஓட்டாகக் குறைத்தார்கள். 1957-ல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற உறுப்பினர் குடிமை உரிமைகள் மசோதாவுக்கு எதிராக 24 மணி 18 நிமிடம் தனியாகப் பேசினார். கறுப்பின மக்களின் உரிமைகளுக்கான மசோதாக்கள் பல பத்தாண்டுகள் இந்த முடிவில்லாப் பேச்சில் செத்துக்கொண்டிருந்தன. 1964 ஜூன் 10 அன்று, 71க்கு 29 என்ற கணக்கில், அப்படிப்பட்ட ஒரு மசோதாவின் மீதான விவாதம் செனட்டில் முதல்முறையாக ஓட்டின் மூலம் முடித்துவைக்கப்பட்டது. பேச்சை முடிப்பது கடினமாக இருந்தால் எளியவருக்குப் பாதுகாப்பு என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே அந்தக் கடினம் பாதுகாத்தது வலியவரை. எளியவர் அவைக்கு உள்ளேயே அதிகம் இல்லை, வெளியே காத்திருந்தார். 1881-ல் பேச்சை நீட்டியவர்களையும் 1957-ல் நீட்டியவரையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் விதிக்கு மனிதர்களின் நோக்கம் தெரியாது. அது இருவரையும் ஒரே மாதிரிதான் நடத்தும்.

சின்னக் குழுக்களில் ஓட்டுக்கு இன்னொரு கெடுதல் உண்டு. ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் "பேச்சை முடிச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க" என்றால், ஐந்து கைகள் களைப்பால் தூக்கப்படுகின்றன. விஷயம் தெளிந்துவிட்டதா என்று யாரும் யோசிப்பதில்லை, வீட்டுக்குப் போகலாமா என்றுதான் யோசிக்கிறார்கள். மிச்சம் நால்வரில் ஒருவரிடம் யாருக்கும் தெரியாத ஒரு தகவல் இருக்கலாம். கேரால்ட் ஸ்டாஸர், வில்லியம் டைட்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. குழுவாகப் பேசும்போது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த விஷயங்களையே மறுபடி மறுபடி பேசுகிறோம், ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போய்விடுகிறது. எங்கள் கூட்டத்தில் வண்டிகள் இடிபடுகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும், அதை அரை மணி நேரம் பேசினோம். அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நோயாளி படுத்திருக்கிறார் என்பது அந்த அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

நான்காவது வழி கடிகாரம். இத்தனை மணிக்கு முடியும் என்று முன்பே சொல்லிவிடுவது. இதில் ஒரு பெரிய நேர்மை இருக்கிறது: மணி அடிக்கும் நேரத்தில் யார் ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. முடிவே வராத கூட்டங்களுக்கு இது மருந்து. 1268-ல் போப் நான்காம் கிளெமென்ட் இறந்தபின் வித்தெர்போ நகரில் கூடிய கர்தினால்கள் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். அப்படித் தேர்வான பத்தாம் கிரகோரி 1274-ல் ஒரு விதி கொண்டுவந்தார். மூன்று நாளில் முடிவு வராவிட்டால் வேளைக்கு ஒரு பதார்த்தம் மட்டும், இன்னும் ஐந்து நாள் போனால் ரொட்டியும் தண்ணீரும் திராட்சை மதுவும் மட்டும். பேசுவதை அவர் தடுக்கவில்லை, இழுத்தடிப்பதைச் சுகமில்லாததாக ஆக்கினார்.

கடிகாரத்தின் குறை, அது விஷயத்தின் கனத்தைப் பார்க்காது என்பது. இந்திய நாடாளுமன்றத்தில் பட்ஜெட் மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய நாட்களில் கடைசி நாள் வந்துவிட்டால், பேசாமல் மிச்சம் இருக்கும் கோரிக்கைகளை எல்லாம் மொத்தமாக ஓட்டுக்கு விட்டுவிடுவார்கள். தலையை வெட்டும் இயந்திரத்தின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள், 'கில்லட்டின்'. பெரிய பெரிய அமைச்சகங்களின் செலவுகூட ஒரு வார்த்தை விவாதம் இல்லாமல் அப்படிப் போவது உண்டு. சின்னக் கூட்டங்களிலும் இதே கதைதான். அஜெண்டாவில் முதலில் இருக்கும் சுவர் நிறம் நாற்பது நிமிடம் தின்னும், கடைசியில் இருக்கும் வரவுசெலவுக் கணக்கு நான்கு நிமிடத்தில் ஓடும். அஜெண்டாவை எழுதுகிறவருக்கு இது தெரிந்திருந்தால், எதைக் கடைசியில் வைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடிகாரத்தை நம்பினாலும் அதற்குச் சாவி கொடுப்பவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

எல்லாரும் சம்மதிக்கும்வரை பேசுவது என்ற வழியைப் பலர் உயர்வாகச் சொல்வார்கள். பழைய போலந்து நாடாளுமன்றத்தில் ஒரே ஒரு உறுப்பினர் மறுத்தால் போதும், அந்தக் கூட்டத்தொடரே கலைந்துவிடும், அதில் அதுவரை நிறைவேறியவையும் சேர்ந்து விழும். 1652-ல் ஒரு உறுப்பினரின் மறுப்பால் கூட்டத்தொடர் இப்படிப் பாழானது. பிறகு அக்கம்பக்கத்து அரசுகள் ஏதாவது ஒரு உறுப்பினரை விலைக்கு வாங்கினாலே நாட்டை முடக்கலாம் என்ற நிலை வந்தது. 1791 மே 3 அன்று வந்த அரசியலமைப்பு இந்த முறையை ஒழித்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது, 1795-ல் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை.

ஆனாலும் இந்த வழியை நான் தூக்கிப் போடத் தயாராக இல்லை, காரணம் குவேக்கர்கள். ஆம், பென்னும் மீட்டும் சேர்ந்த அதே சமயத்தார். அவர்கள் கூட்டங்களில் ஓட்டே கிடையாது. எழுத்தர் என்ற பொறுப்பில் ஒருவர் உட்கார்ந்து எல்லாரும் சொல்வதைக் கேட்பார். கூட்டத்தின் மனம் ஓர் இடத்தில் வந்து நிற்கிறது என்று தோன்றும்போது அதை அங்கேயே எழுதி, உரக்கப் படிப்பார். நாம் வந்து சேர்ந்த இடம் இதுதான் என்று கூட்டம் ஒப்புக்கொண்டால் பேச்சு முடிந்தது. இல்லை என்றால் திருத்தி எழுதுவார், அல்லது இன்னொரு நாளைக்குத் தள்ளிவைப்பார். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் மினிட்ஸை எப்போதும் வீட்டுக்குப் போய்த்தான் எழுதி முடிப்பேன். "ஒருமனதாக" என்ற சொல்லை அன்றைக்கு அந்த அறையிலேயே உரக்கப் படித்திருந்தால், தோள் உயரத்தில் நின்ற கை இன்னொரு தடவை எழுந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இணையம் இயங்கும் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் என்ற பொறியாளர் அமைப்பு இதையே இன்னும் கறாராகச் செய்கிறது. அங்கேயும் ஓட்டு இல்லை. சில சமயம் அறையின் மனநிலை தெரிய எல்லாரையும் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகச் சொல்வார்கள், யார் எந்தப் பக்கம் என்று முகம் பார்த்து எண்ண முடியாது. அவர்கள் 2014-ல் வெளியிட்ட ஆவணம் ஒன்று 'ஏறக்குறைய ஒத்த கருத்து' என்றால் என்ன என்று விளக்குகிறது. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் இணங்க வேண்டும் என்பதில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆட்சேபித்தவர் இன்னும் திருப்தி அடையாமல் இருக்கலாம். அவர் சொன்னதற்குப் பதில் இருக்கிறதா என்பதே கணக்கு. நூறு பேர் ஒரு பக்கம் இருந்து, ஒருவரின் நியாயமான ஆட்சேபத்துக்குப் பதில் இல்லை என்றால் பேச்சு முடியவில்லை. நான் பார்த்த எல்லா விதிகளிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எத்தனை பேர் என்று கேட்காமல், என்ன மிச்சம் என்று கேட்கிறது.

யாருமே முடிக்காமல் தானாக ஓய்வது ஆறாவது வழி. விதி எழுதாத எல்லாக் குழுக்களிலும் நடப்பது இது. சுதந்திரமாகத் தெரியும், நிஜத்தில் கடைசிவரை உட்கார முடிந்தவர்தான் ஜெயிக்கிறார். கைக்குழந்தை உள்ளவர் எட்டு மணிக்குப் போய்விடுவார். முதுகுவலிக்காரர் எட்டரைக்கு. அதிகாலையில் வேலைக்குப் போக வேண்டியவர் ஒன்பதுக்கு. பத்து மணிக்கு மிச்சம் இருப்பவர்கள் எடுப்பது கூட்டத்தின் முடிவு ஆகிவிடும். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, யாருக்கும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தபின் எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: பேச்சை முடிக்கும் அதிகாரமும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஒரே கையில் இருக்கக் கூடாது. பிராண்ட் சம்பவத்துக்குப் பிறகு வந்த விதிகள், ராஜேந்திர பிரசாத்தும் அம்பேத்கரும் பிரித்துக்கொண்ட வேலை, குவேக்கர் எழுத்தர், எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் இந்த இரண்டையும் பிரிக்கின்றன. பிரிக்காத இடங்களில் புஷெல் சிறைக்குப் போகிறார்.

அந்தப் புதுக் குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்தது இப்படி. அன்றைய விஷயத்தில் எந்தப் பக்கமும் முன்மொழியாத ஒருவர் பேச்சை நடத்துவார். ஒவ்வொரு விஷயத்துக்கும் நேரம் முன்கூட்டியே குறிக்கப்படும், அஜெண்டா வரிசையைக் கூட்டம் தொடங்கும்போது எல்லாரும் சேர்ந்து பார்ப்பார்கள். நேரம் ஆனதும் நடத்துபவர் "முடிச்சுக்கலாமா?" என்று கேட்கக் கூடாது. "இதுவரை யாரும் சொல்லாத ஒரு விஷயம் யாரிடமாவது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு ஒரு முழு நிமிடம் காத்திருக்க வேண்டும். பதில் கிடைக்காத ஆட்சேபம் எதுவும் இல்லை என்றால் மினிட்ஸ் அங்கேயே எழுதிப் படிக்கப்படும், ஆட்சேபித்தவரின் பெயரும் காரணமும் உட்பட. இருந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போகும், ஒரே ஒரு தடவை. அதற்கும் பிறகு இழுத்தால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு முடித்துவைக்கும். போலந்தின் கதை நமக்கு வேண்டாம் என்பதால் அந்தக் கடைசி வரி.

முடிந்த பேச்சைத் திரும்பத் திறப்பது பற்றியும் ஒரு வரி சேர்த்தேன். ராபர்ட்டின் தொகுப்பில் இதற்கு ஒரு நல்ல யோசனை உண்டு: ஒரு முடிவை மறுபரிசீலனை செய்யலாம் என்று கேட்கும் உரிமை, ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவருக்கு மட்டும்தான். தோற்றவர் ஒவ்வொரு வாரமும் அதே பேச்சைக் கிளப்பாமல் இருக்கவும், ஜெயித்தவருக்கு மனம் மாறினால் வழி இருக்கவும் அது போதும். நான் அதோடு இன்னொன்று சேர்த்தேன். பேசும்போது தெரியாத புதுத் தகவல் வந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எங்கள் சங்கத்தில் அந்த அம்மா எட்டு மாதம் காத்திருந்ததற்குக் காரணம், முடிந்த விஷயத்தை மறுபடி கேட்க அவருக்கு எந்த வாசலும் தெரியவில்லை என்பதுதான்.

ஒரு நிமிடம் காத்திருப்பது என்பதைத்தான் எல்லாரும் எதிர்த்தார்கள். சங்கடமாக இருக்கும் என்றார்கள். இருக்கும்தான். அவர்களின் இரண்டாவது கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஜெனரேட்டரை எங்கே வைப்பது என்று பேச்சு. பின்பக்க மூலை என்று கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துப்போய்விட்டார்கள். நடத்திய பெண் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் இருமினார். யாரோ செல்போனைத் திருப்பி வைத்தார்கள். நாற்பதாவது நொடி வாக்கில், கூட்டம் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாத ஒரு பையன், அப்பாவுக்குப் பதிலாக வந்தவன், தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அந்த மூலையில தரைக்குக் கீழ தண்ணித் தொட்டி இருக்கு. சின்ன வயசுல அது மேலதான் விளையாடுவோம். குதிச்சா அதிரும்."

முன்மொழிந்தவர் எழுந்தார். எல்லாருமாக டார்ச் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அன்றைய மினிட்ஸை அந்தப் பெண் தொட்டி மூடியின் பக்கத்தில் நின்றபடியே எழுதிப் படித்துக் காட்டினார்.